செம்மோர் வந்ததும் குறைந்துவிடும் காற்று

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகும் வழியில், கந்தானைத் தாண்டிச் செம்மோர் என்ற ஊர் நெருங்கும்போதுதான் அது தொடங்கும். ஏர்கோனின் புளோவர் அதே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும், ஆனால் முகத்தில் படும் காற்று மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் திறப்புக்கு முன்னால் கையை வைத்தால்கூட ஒன்றும் படாது. பக்கத்து இருக்கையில் மாமா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுவார். கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை, இறக்காவிட்டால் வேக்காடு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈப்போவில் கண் மருத்துவரைப் பார்க்க அவரை அழைத்துப்போகும் நாள்களில் தவறாமல் இது நடந்தது.

மாமாவுக்கு வயது 83. என் அம்மாவின் தம்பி. சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெசராக இருந்தவர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: டாக்டர் வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோதான் தோட்ட மருத்துவமனைக்கு வருவார்; மீதி நாள்களில் காய்ச்சல் பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிள்ளைப்பேற்றுக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது எல்லாம் டிரெசர் கையில். மனிதர் இப்போது பார்வை மங்கி, மற்றவர் கையைப் பிடித்து நடக்கிறார். அவரை வேக வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

கார் என்னுடையது, பன்னிரண்டு வயது. இங்கேயே தயாரான சிறிய கார். தமிழ்ப்பள்ளிக்குப் போக, வரப் பயன்படுவது. பள்ளி பத்து நிமிடத் தூரம். அந்தப் பத்து நிமிடத்தில் ஏர்கோன் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. வீட்டிலிருந்து ஈப்போ என்றால் செம்பனைக்காட்டு மண்சாலை, ஊர், பிறகு பழைய கூட்டரசுச் சாலை, லாரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். கோளாறு அந்த ஒரு மணி நேரத்தின் பிற்பாதியில் மட்டும் வந்தது. இந்த ஒரு விவரத்துக்குள்தான் முழு விடையும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதலில் போன பட்டறையில் இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தார்கள். சில்லென்று காற்று வந்தது. "கேஸ் கொஞ்சம் குறைந்திருக்கும்" என்று நிரப்பி, 90 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பயணத்தில் அதே செம்மோர், அதே வேக்காடு. இரண்டாவது பட்டறையிலும் பத்து நிமிடம். அங்கும் சில்லென்றுதான் வந்தது. கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், 950 வெள்ளி ஆகும் என்றார்கள். கார் நன்றாக இருக்கும்போது பார்த்துவிட்டு, அது நன்றாக இல்லாதபோது என்ன நடக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்வி அன்று இரவு முழுவதும் என்னைக் குடைந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் குறைந்தாலும் இதே போன்ற அறிகுறி வரலாம். அதனால் முதல் பட்டறைக்காரர் சொன்னது அபத்தமில்லை. ஆனால் அவர் அதைச் சோதிக்கவில்லை. அழுத்தமானியை மாட்டாமலேயே நிரப்பினார். அதில்தான் எனக்கு வருத்தம்.

நான் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் "பார்த்ததை முதலில் எழுது, காரணத்தை அப்புறம் எழுது" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தவள். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, மாமா இல்லாமல், ஒரு பள்ளிக் குறிப்பேட்டையும் சமையலறை வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு தம்பி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். நடுத் திறப்பில் வெப்பமானியைச் செருகினோம். பக்கத்துத் திறப்பில் மெல்லிய காகிதக் கைக்குட்டையின் ஒரு கீற்றை ஒட்டினோம். காற்று பலமாக இருந்தால் அது படபடவென்று அடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவள் எழுதினாள்.

அந்தக் குறிப்பேடு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. புறப்படும்போது 31 டிகிரி. பத்தாவது நிமிடம் 9. பதினைந்தாவது நிமிடம் 7. இருபதாவது நிமிடமும் 7. அதுவரை காகிதக் கீற்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. முப்பதாவது நிமிடம் 4. முப்பத்தைந்தாவது நிமிடம் 2. கீற்று சோம்பலாக அசைந்தது. நாற்பத்தைந்தாவது நிமிடம் செம்மோர், கீற்று தொங்கிப்போயிருந்தது. எண்களுக்குப் பக்கத்தில், நான் சொல்லாமலேயே, அவள் இன்னொன்றையும் எழுதியிருந்தாள்: "டக் சத்தம்." பத்தாவது நிமிடத்திலிருந்து இருபதாவது நிமிடம் வரை அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குப் பிறகு இல்லவே இல்லை.

அந்த "டக்" கம்ப்ரஸரின் கிளட்ச் எழுப்பும் ஓசை. இன்ஜின் சுற்றும் வரை பெல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் ஒட்டினால்தான் கம்ப்ரஸர் வேலை செய்யும், விலகினால் நிற்கும். நல்ல ஏர்கோன் விட்டு விட்டுத்தான் ஓட வேண்டும். ஓடும், போதுமான குளிர் வந்ததும் நிற்கும், மறுபடி ஓடும். எங்கள் கார் முதல் இருபது நிமிடம் அப்படித்தான் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு யாரும் அதை நிறுத்தவில்லை. கம்ப்ரஸர் தேயவில்லை, ஓய்வே இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

ஈப்போ போய்ச் சேரும் முன் ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, புளோவரை மட்டும் ஓடவிட்டு ஏர்கோன் பொத்தானை அணைத்தேன். எட்டாவது நிமிடம் காகிதக் கீற்று மறுபடி படபடத்தது. காருக்கு அடியில், குழாயைத் திறந்துவிட்டதைப் போல் தண்ணீர் ஊற்றியது. வழக்கமாகச் சொட்டும் அளவில்லை. ஒரு குளமே தேங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே பனிக்கட்டி இருந்திருக்கிறது.

காருக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால், இங்கே எல்லாப் பட்டறைகளிலும் கூலிங் காயில் என்று சொல்லும் ஒரு பாகம் இருக்கிறது. அலுமினியக் குழாய்கள், அவற்றுக்கு இடையில் நெருக்கமாக மெல்லிய தகடுகள். குழாய்க்குள் ஓடும் குளிர்பொருளின் (பட்டறையில் கேஸ் என்பது இதைத்தான்) பெயர் ஆர்-134ஏ. திறந்த வெளியில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் அழுத்தத்தில் இருப்பதால் அதைவிட மேலான வெப்பத்தில் கொதிக்கிறது; கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை நம் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. காற்று குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் தகடுகளில் வியர்த்து வழிந்து காருக்கடியில் சொட்டுகிறது. பேராக்கின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தகட்டின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ஈரம் வழியாது, அங்கேயே உறையும். தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் மூடிக்கொள்ளும். காற்றுக்கு வழி இருக்காது. குளிர் அளவுக்கு மீறினால் புழுக்கம் வருவது இப்படித்தான்.

கேஸ் குறைந்தாலும் உறையலாம் என்று சொன்னதன் காரணமும் இதில்தான் இருக்கிறது: அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் கீழே இறங்கும், காயிலின் ஒரு பகுதி மட்டும் உறைந்துபோகும். காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருந்தாலும் அப்படி ஆகலாம். வடிகட்டியை நானே கழற்றிப் பார்த்தேன். அழுக்குதான், ஆனால் அடைக்கவில்லை. புதிதாக ஒன்று போட்ட பிறகும் செம்மோர் செம்மோராகவே இருந்தது.

காயில் உறையாமல் காவல் காப்பதற்கென்றே ஒரு சிறு பொருளைத் தகடுகளுக்கு இடையில் செருகியிருக்கிறார்கள். ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது, இரண்டு கம்பிகள். வெப்பம் ஏறினால் அதன் மின்தடை குறையும், வெப்பம் இறங்கினால் மின்தடை கூடும். பெரும்பாலான உலோகங்கள் நடந்துகொள்வதற்கு நேர்மாறு. இந்தக் குணத்தை 1833-இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கவனித்தார். அந்தக் குணமுள்ள பொருளைத்தான் இன்று தெர்மிஸ்டர் என்கிறோம். காரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் குளிர், சூடு எதுவும் தெரியாது. இந்த நெல்மணியின் மின்தடை மட்டும்தான் அதற்குத் தெரியும். தடை ஒரு அளவைத் தாண்டினால், காயில் உறையப் போகிறது என்று புரிந்துகொண்டு கிளட்சை விலக்கிவிடும்.

பழைய கார்களில் இதற்குப் பதிலாக மெல்லிய குழாய்க்குள் வாயு அடைத்த தெர்மோஸ்டாட் இருந்தது. அதனால் இங்கே பல பட்டறைகளில் இன்றைக்கும் இந்தச் சென்சாரைத் தெர்மோஸ்டாட் என்றே சொல்கிறார்கள். உதிரிப்பாகக் கடையில் நான் அந்தப் பெயரைச் சொன்னபோது, இன்ஜின் தண்ணீருக்கான தெர்மோஸ்டாட்டை எடுத்து வைத்தார்கள். அது வேறு இடத்தில் வேறு வேலை செய்யும் பாகம். "கூலிங் காயிலில் செருகும் சென்சார்" என்று முழுதாகக் கேளுங்கள்.

இந்தச் சென்சார் கெட்டால் ஏர்கோன் எப்படிக் கெடும் என்று யாராவது ஒற்றை வாக்கியத்தில் சொன்னால் நம்பாதீர்கள். அது எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பியோ இணைப்பானோ துருப்பிடித்துத் தடை கூடிவிட்டால், உள்ளே இருப்பதைவிட அதிகக் குளிர் என்று பெட்டி நினைக்கும். கம்ப்ரஸரை அவசரப்பட்டு நிறுத்தும். கார் குளிரவே குளிராது. கம்பி அறுந்தேவிட்டால் பல கார்களில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கவே தொடங்காது. தடை குறைந்துவிட்டால் நேர்மாறு. உள்ளே உறைந்துகொண்டிருக்கும்போதும், வெப்பமாகத்தான் இருக்கிறது என்று பெட்டி நம்பும். கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருக்கும். எங்களுடையது இந்தக் கடைசி வகை. ஆனால் முதல் இருபது நிமிடம் மட்டும் உண்மை பேசும் பொய்யன் எப்படிப்பட்டவன்? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அன்று மாலை மாமாவிடம் இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் தெரியாத குறையைக் காதால் ஈடு செய்பவர். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் மருத்துவமனைக் கதையைச் சொன்னார்.

"அப்போது எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் காய்ச்சல் என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். நூறுக்கு மேல் காட்டினால் ஓய்வுச் சீட்டு. இல்லையென்றால் காட்டுக்குப் போக வேண்டியதுதான். என் கையிலிருந்த பாதரசக் குழாய் ஒரு டிகிரி குறைத்துக் காட்டினால் என்ன ஆகும், யோசித்துப் பார் பிள்ளை. காய்ச்சலில் இருக்கிறவளைப் பால் வெட்ட அனுப்பிவிடுவேன். அனுப்பியிருக்கிறேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் கேட்கவில்லை.

"அப்படி ஒரு முறை நடந்த பிறகுதான், புதுப் பெட்டி வந்தால் ஒன்றையும் அப்படியே எடுக்க மாட்டேன். ஒரு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர். எல்லாக் குழாயையும் ஒன்றாக முக்குவேன். ஐந்து நிமிடம் கழித்து வரிசையாகப் பார்ப்பேன். கூட்டத்தோடு சேராதது எது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அதைச் சோதிக்க வேண்டும்."

ஊர் எல்லையில் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஏர்கோன் வேலை மட்டும் பார்க்கும் ஓர் இளைஞன் இருக்கிறான். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். குறிப்பேட்டைக் காட்டினேன். ஒரு வரி விடாமல் படித்தான். "டீச்சர், இதைப் போல் யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை. இப்படி வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றான். பட்டறைக்காரர்களைப் பற்றி நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். "ஏர்கோன் சரியில்லை" என்ற இரண்டே சொற்களைக் கொடுத்துவிட்டு அவர்களிடம் முழு விடையை எதிர்பார்க்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவன் அழுத்தமானியை மாட்டினான். பத்து நிமிடத்தில் நிறுத்தவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, இன்ஜினை வேகம் கூட்டி வைத்து, நாற்பது நிமிடம் ஓடவிட்டான். கேஸ் அளவு சரியாக இருந்தது. தாழ்ந்த அழுத்தப் பக்கத்து முள் முதலில் 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அருகே ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் குளிர்பொருளுக்கு 28 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 0 டிகிரி. அரை மணி நேரம் போல் ஆனதும் ஆட்டம் நின்றது. முள் மெதுவாகக் கீழே நழுவி 18-க்கு வந்தது. அது மைனஸ் 7 டிகிரிக்குச் சமம். கிளட்ச் அசையவில்லை, ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"மைனஸ் ஏழிலும் பெட்டி நிறுத்தவில்லை. ஒன்று பெட்டிக்குத் தகவல் போகவில்லை, அல்லது தகவல் போயும் பெட்டி கேட்கவில்லை" என்றான். அந்த வாக்கியத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

தகவல் போனால் பெட்டி கேட்கிறதா என்பதை அவன் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியை இறக்கி, சென்சாரின் இணைப்பானைப் பிடுங்கினான். அதன் வாயில், வானொலி பழுது பார்ப்பவர்களிடம் இருபது காசுக்குக் கிடைக்கும் 4.7 கிலோ ஓம் தடை ஒன்றைச் செருகினான். எங்கள் காரின் சென்சார் வகைக்கு அது ஏறக்குறைய 0 டிகிரி. டக் என்று கிளட்ச் விலகியது. அதை எடுத்துவிட்டு 1.5 கிலோ ஓம் தடையைச் செருகினான். அது ஏறக்குறைய 25 டிகிரி. டக் என்று ஒட்டியது. பெட்டி நல்லது. கம்பிகள் நல்லவை. கிளட்ச் நல்லது. 950 வெள்ளிக் கம்ப்ரஸரும் நல்லது. மிஞ்சியது நெல்மணி மட்டும்தான். (எண்கள் காருக்குக் கார் மாறும். உங்கள் காருக்கான அட்டவணையைப் பார்க்காமல் இவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

இன்று இரவு கார் காயட்டும், நாளைக் காலையில் கழற்றலாம் என்றான். மறுநாள் ஞாயிறு. 45 வெள்ளிக்கு வாங்கிய புதுச் சென்சாரோடு போனேன். பழையதைக் கழற்றி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மல்ட்டிமீட்டரில் அளந்தான். விரலால் பிடிக்கக் கூடாது, உடம்புச் சூடே எண்ணை மாற்றிவிடும். பழையது 1.2 கிலோ ஓம். புதியது 1.2 கிலோ ஓம்.

அவன் முகம் வாடிவிட்டது. "இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர்."

எனக்கு மாமாவின் பச்சைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் பொறுப்பா. இந்தச் சென்சார் வேலை செய்யும் இடம் இந்த மேசையில்லை" என்று சொல்லிவிட்டு, எதிரிலிருந்த உணவுக்கடையில் ஒரு பை ஐஸ்கட்டி வாங்கி வந்தேன்.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பலர் தவறு செய்கிறார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ்கட்டி 0 டிகிரியில் இருக்காது; அதைவிட மிகவும் கீழே இருக்கும். ஐஸை உடைத்து, இடைவெளி நிரம்பும் வரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, கொஞ்ச நேரம் விட வேண்டும். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும் வரை அந்தக் கலவை 0 டிகிரியிலேயே நிற்கும். சூடு உள்ளே வந்தால் ஐஸ் கொஞ்சம் உருகும், வெப்பம் ஏறாது. உப்பு மட்டும் படவே கூடாது; பட்டால் கலவை 0-க்குக் கீழே போய்விடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், சுங்கை சிப்புட்டின் ஓர் ஓரக்கொட்டகையில், உலகம் முழுவதும் செல்லும் ஒரு அளவுகோல் நமக்குக் கிடைத்துவிடுகிறது. இதை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே தேவைப்பட்டது.

இரண்டு சென்சார்களையும் நூலில் கட்டி ஒரே குவளையில் தொங்கவிட்டோம். கம்பி நுனிகள் நனையாதபடி வெளியே. இரண்டு நிமிடம் கழித்துப் புதியது 4.8, பழையது 4.7. அவன் என்னைப் பார்த்தான். நான் குறிப்பேட்டில் எழுதினேன். ஐந்து நிமிடம்: 4.8, 4.5. பத்து நிமிடம்: 4.8, 4.1. நாங்கள் இருவரும் நாற்காலியை இழுத்துக் குவளைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டோம். இருபது நிமிடம்: 4.8, 3.5. ஐஸ் உருக உருகப் புதிதாகப் போட்டுக் கலக்கினோம். நாற்பதாவது நிமிடம் புதியது அதே 4.8. பழையது 2.6.

அதன் அட்டவணைப்படி 2.6 கிலோ ஓம் என்றால் 12 டிகிரிக்குச் சற்று மேல். பனிக்கட்டித் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு, 12 டிகிரி என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அது.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. நெல்மணியைச் சுற்றிப் பிசின் பூசியிருப்பார்கள், தண்ணீர் புகாமல் இருக்க. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது, கம்பி உள்ளே நுழையும் இடத்தில் முடி போல் ஒரு விரிசல் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் குளிர்ந்தும் சூடேறியும் பிசின் பிளந்திருக்கும் என்பது என் ஊகம். காய்ந்திருக்கும்போது சென்சார் முழு உண்மை பேசும். காயில் வியர்த்து, தண்ணீர் அந்த விரிசலில் மெல்லக் கசிந்து உள்ளே போனதும், இரண்டு கம்பிகளுக்கும் இடையில் மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழி திறக்கும். மொத்தத் தடை குறையும். வெப்பமான காலத்தில் சென்சாரின் சொந்தத் தடையே குறைவு, ஆகவே குறுக்கு வழியால் பெரிய மாற்றம் தெரியாது. குளிர்ந்திருக்கும்போது, எப்போது அதன் சொல் மிகவும் தேவையோ அப்போது, பொய் மிகப் பெரிதாகிறது.

பத்து நிமிடப் பள்ளிப் பயணத்தில் நனையவே நேரமில்லை. பட்டறைகளின் பத்து நிமிடச் சோதனையிலும் இல்லை. செம்மோர் வருவதற்குள் ஊறிவிடுகிறது. மருத்துவமனை வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற கார் திரும்பி வரும்போது முதல் இருபது நிமிடம் மறுபடி நல்ல பிள்ளையாக இருந்ததும், வழியில் பத்து நிமிடம் மட்டும் அணைத்துவிட்டுப் போட்டால் இரண்டாவது முறை சீக்கிரமே உறைந்ததும் இதனால்தான். சென்சார் காய்ந்ததா, ஈரமாகவே இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

புதியதைப் பொருத்தும்போது அவன் காட்டிய கவனத்தையும் சொல்ல வேண்டும். பழையது எந்தத் தகடுகளுக்கு இடையில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். காயில் எங்கும் ஒரே குளிராக இருக்காது. முதலில் உறையும் இடத்தைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர்கள் அதைச் செருகியிருப்பார்கள். இரண்டு விரல் தள்ளிச் செருகினால் நல்ல சென்சாரும் தப்பான இடத்துச் சேதியைத்தான் சொல்லும். தகடு வளையாமல், பழைய துளையிலேயே, மெல்ல அழுத்தி வைத்தான். கூலி 80 வெள்ளி கேட்டான். அந்த நாற்பது நிமிடக் காத்திருப்புக்கும் குவளைக்கும் சேர்த்து நூறு கொடுத்தேன். இருபதைத் திருப்பித் தரப் பார்த்தான், நான் வாங்கவில்லை.

பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வந்தேன். அடுத்த தவணையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் இரண்டு குவளை, ஒரு மல்ட்டிமீட்டர், இரண்டு சென்சார். எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மாமாவை ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். குறிப்பேட்டை எடுக்கவில்லை. வீட்டில் அவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டுதான் ஏறினார், பழக்கதோஷம். ஊரைத் தாண்டினோம். கந்தானில் சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் வெளுத்து நின்றன. அவருக்கு அவை இப்போது நிழலாகத்தான் தெரியும் என்றாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். செம்மோர் வந்தது. டக்.

"அது என்ன சத்தம் பிள்ளை? அப்போதிலிருந்து கேட்கிறது."

"கம்ப்ரஸர் நிற்கிறது மாமா. குளிர் போதும் என்று சென்சார் சொல்கிறது."

மாமா கையை நீட்டித் திறப்பைத் தடவிப் பார்த்தார். காற்று விரல்களுக்கு நடுவே பலமாக வந்துகொண்டிருந்தது. மடித்துவிட்ட சட்டைக்கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.